அந்த ஊரில் என்ன சட்டம்?

எந்தப் புத்தகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று அறிய நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவதில்லை. புத்தகத்தின் முதுகைப் பார்ப்பேன். எங்கள் பள்ளி நூலகத்தில் சூசன் காலின்ஸ் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலின் முதுகில் செலோடேப், அதன்மேல் இன்னொரு செலோடேப், அதற்கும் மேல் பைண்டிங் துணி. அதே அலமாரியில் ஒரு கலைக்களஞ்சிய வரிசை, கடையிலிருந்து வந்த அன்றைய மினுமினுப்போடு அப்படியே நிற்கிறது.

நான் திருச்சியில் ஓர் ஆங்கில வழி மேல்நிலைப் பள்ளியின் நூலகர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பிள்ளைகளும் வாரத்துக்கு ஒரு பாடவேளை என்னிடம் வருவார்கள் என்று கால அட்டவணை சொல்கிறது. அட்டவணை சொல்வதெல்லாம் நடக்கிறதா என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன். பெற்றோர் சந்திப்பு நாளில் நூலகத்துப் பக்கம் வருகிற அம்மா அப்பாக்கள் குறைவு. அப்படி வருபவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கற கதையெல்லாம் எதுக்கு மேடம் படிக்கக் கொடுக்கறீங்க?"

நியாயமான கேள்வி. நின்றபடியே இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப முடியாத கேள்வியும்கூட.

இந்த வகைக் கதைகளை டிஸ்டோபியா என்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஒரு வருங்கால ஊர். அந்த ஒழுங்குக்கான விலையை யாரோ சிலர் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' பெரியவர்களுக்காக எழுதப்பட்டு 1949இல் வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளையே நாயகர்களாக்கி, அவர்கள் படிப்பதற்கென்றே எழுதப்பட்டவற்றில் லோயிஸ் லோரியின் 'த கிவர்' (1993) முக்கியமானது. 2008இல் 'ஹங்கர் கேம்ஸ்' வந்த பிறகு ஒரே வெள்ளம். அந்த வெள்ளத்தில் நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது.

இவற்றைப் படிக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். சண்டையை அவசரமாகத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, சட்டத்தை நின்று படியுங்கள். அந்த ஊரில் என்ன சட்டம்? அதை யார் போட்டார்கள்? அதனால் யாருக்கு லாபம், யாருக்குச் சேதம்? இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் இந்தக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பதிலுக்காகத்தான் கதையே நடக்கிறது.

அதனால் எங்கள் நூலகத்தில் இந்தப் புத்தகங்களை அறிமுகப்படுத்துவதே சட்டத்தை வைத்துத்தான். புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட் அட்டை போட்டுப் பெயரை மறைத்துவிடுவேன். மேலே மார்க்கரில் அந்த ஊரின் சட்டம் மட்டும் இருக்கும். 'இங்கே தீயணைப்பு வீரர்களின் வேலை தீ வைப்பது.' 'இங்கே 16 வயதானால் முகத்தை அழகாக்கும் அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் உண்டு.' 'இங்கே பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும்.' எந்த ஊருக்குப் போகலாம் என்று பிள்ளைகள் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வெளிநாட்டு நூலகங்களில் புத்தகத்தை மூடிக் கொடுக்கும் வழக்கம் பழையதுதான். சட்டத்தை மேலே எழுதுவது மட்டும் நான் சேர்த்தது. அட்டைப் படத்தைப் பார்த்து 'இது பொண்ணுங்க புக்கு' என்று ஒதுக்குகிற பையன்கள்கூட இதில் சிக்கிவிடுவார்கள்.

'ஹங்கர் கேம்ஸ்' கதை பலருக்குத் தெரிந்திருக்கும், 2012இல் படமாகவும் வந்தது. பானெம் என்றொரு நாடு, செல்வத்தில் கொழிக்கும் ஒரு தலைநகர், அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். என்றோ நடந்த கலகத்துக்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். 24 பேரும் ஒருவர் மிஞ்சும்வரை போராடுவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, இன்னொரு சேனலில் ஈராக் போர் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் இந்த எண்ணம் வந்ததாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஆதென்ஸ் நகரம் மினோட்டார் என்ற அரக்கனுக்கு இளைஞர்களைப் பலியாக அனுப்பிய கிரேக்கக் கதையும் அதற்குப் பின்னால் உண்டு.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், இது பகாசுரன் கதை மிஸ்." உண்மைதானே. ஏகசக்கரபுரத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்து வண்டிச் சோற்றோடு ஓர் ஆளையும் அனுப்புவார்கள். முறை வந்த வீட்டுக்குப் பதிலாகக் குந்தி தன் மகன் பீமனை அனுப்புகிறாள். நாவலில் தங்கை பிரிம்மின் பெயர் சீட்டில் விழுந்ததும் நாயகி கேட்னிஸ் 'நான் போகிறேன்' என்று முன்னால் வருகிறாள். கொலைக் கதை எதற்கு என்று கேட்ட ஓர் அப்பாவிடம் பகாசுரனைச் சொன்னேன். "அது புராணம் மேடம்" என்றார். அவர் பையன் அன்று இரண்டாம் பாகத்தையும் வாங்கிக்கொண்டு போனான்.

நாவலில் நான் பிள்ளைகளை நிறுத்தும் இடம் அந்தக் களம் அல்ல, அதற்கு முன்னால் வருகிற குலுக்கல். 12 வயதில் ஒரு சீட்டு, 13இல் இரண்டு என்று ஏறி 18 வயதில் ஏழு சீட்டு. எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றுதான் தோன்றும். ஆனால் இன்னொரு விதி உண்டு. பசிக்கிற வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை போடலாம். போட்ட சீட்டு அடுத்த வருடமும் அப்படியே பெட்டியில் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் இதைப் பலகையில் போட்டுப் பார்த்தோம். கேட்னிஸ் 12 வயதில் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று மூன்று சீட்டு கூடுதலாக வாங்கினாள். ஆக வருடத்துக்கு நான்கு. 16 வயதில் ஐந்து குலுக்கல் ஆகிறது, 20 சீட்டு. அவளுடைய நண்பன் கேலுக்கு வயது 18, வீட்டில் ஐந்து பேர். வருடத்துக்கு ஆறு, ஏழு வருடத்துக்கு 42. ஊர்த் தலைவரின் மகளுக்குக் கேட்னிஸின் வயதுதான், ஆனால் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. வெறும் ஐந்து சீட்டு. 5, 20, 42 என்று மூன்று எண்களைப் பலகையில் எழுதிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "மிஸ், குலுக்கல்ல ஏமாத்தலை. பெட்டியிலயே ஏமாத்திட்டாங்க." நம் ஊர் ரேஷன் கடையில் அரிசிக்குக் கைரேகை வைப்பதோடு சரி, பிள்ளையின் பெயரைப் பெட்டியில் போடச் சொல்வதில்லை என்று நான் சிரிப்புக்காகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் கணக்கில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் கதையில் விழுகிற சீட்டு பிரிம்முடையது. அவளுக்கு 12 வயது, பெட்டியில் இருந்ததே ஒரு சீட்டுதான். அது எப்படி விழுந்தது, நிகழ்தகவு என்றால் என்ன என்று அன்றைக்குக் கிளம்பிய விவாதத்தைக் கணக்கு மிஸ் பிறகு தன் வகுப்பில் எடுத்துக்கொண்டார்.

அப்போது யாரோ குடவோலையை இழுத்தார்கள். சமூக அறிவியலில் படித்ததுதான். உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்லும் தேர்தல் முறை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுவும் குலுக்கல்தான். ஆனால் குடத்துக்குள் பெயர் போக வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அங்கே இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. பானெமில் இல்லாதவன் பெயர்தான் பெட்டி நிறைய. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு சார்ட் செய்தார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது வராத சந்தேகமெல்லாம் அன்றைக்கு வந்தது. பெண்கள் பெயர் குடத்தில் உண்டா என்பது முதல் சந்தேகம்.

படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் மூன்று விரலை உயர்த்திக் காட்டுவார்கள். கதையில் அது மரியாதைக்கான சைகை, பிறகு எதிர்ப்பின் சைகை ஆகிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் இறங்கியவர்கள் அதே சைகையைக் காட்டினார்கள். காட்டிய மாணவர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். 2021இல் மியான்மரிலும் அது நடந்தது. நாவலில் வந்த சைகை ராணுவ ஜீப்புக்கு முன்னால் வந்து நிற்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது 'த கிவர்'. மெல்லிய புத்தகம், எளிய ஆங்கிலம். ஜோனஸின் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, வீட்டுக்கு ஒரு பையன் ஒரு பெண். ஒன்பது வயதானால் சைக்கிள். 12 வயதானால் யாருக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்து அறிவிப்பார்கள். நிறமே இல்லாத ஊர் அது என்பது வாசிப்பவருக்குச் சில அத்தியாயம் கழித்துத்தான் உறைக்கும். பழைய நினைவுகள் யாருக்கும் கிடையாது. ஒரே ஒரு கிழவர் மட்டும் எல்லோருக்குமாகச் சேர்த்து நினைவில் வைத்திருப்பார். அவருக்கு அடுத்த ஆளாக ஜோனஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1994இல் இதற்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது.

லோரிக்கு இந்தக் கதை வந்த வழி எனக்குக் கதையைவிடப் பிடிக்கும். முதியோர் இல்லத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்கு நினைவு தவறத் தொடங்கியிருந்தது. பழைய புகைப்படம் ஒன்றில் இருந்த தன் மூத்த மகளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவள் இளவயதிலேயே இறந்துபோனது மட்டும் நினைவில் இல்லை. வலி மறந்துபோனால் எவ்வளவு நிம்மதி என்று லோரிக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த நிம்மதியை ஓர் ஊர் முழுக்கக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்ததில் பிறந்தது நாவல்.

படித்து முடித்த வகுப்புக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஊர் மறந்துவிடக் கூடாது என்று நீ நினைக்கும் ஒரே ஒரு நினைவை எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போடு, பெயர் வேண்டாம். காவேரியில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று முக்கொம்பில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது என்று ஒருத்தி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் தாத்தா உரித்துக் கொடுத்த சாத்துக்குடி என்று ஒருவன். சோகமானதை எழுதலாமா என்று ஒரு பெண் தயங்கிக் கேட்டாள். ஜோனஸும் அந்தக் கிழவரும் புத்தகம் முழுக்க இதைத்தானே பேசுகிறார்கள், நீயே முடிவு செய்துகொள் என்றேன். எழுதினாள். என்ன எழுதினாள் என்பது டப்பாவோடு இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலில் ஒரு குழந்தை சம்பந்தப்பட்ட காட்சி பெரியவர்களையே உலுக்கிவிடும். ஆறாம் வகுப்புக்கு நான் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது அந்த அத்தியாயத்தைப் படித்த மறுநாள் என்னிடம் வந்து பேச வேண்டும் என்று சொல்லியே கொடுப்பேன். அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லிப் பலமுறை பெற்றோர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். 'ஹங்கர் கேம்ஸ்' வரிசைக்கும் அதே கதி. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், அதிக ஆட்சேபம் கிளம்பிய பத்துப் புத்தகங்களின் பட்டியலில் 2010, 2011, 2013 மூன்று ஆண்டும் இடம்பிடித்தது. பெற்றோருக்குப் பயம் வருவதில் தப்பில்லை. வந்தால் முதலில் நீங்கள் படியுங்கள், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று அவர்கள் கையிலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவேன். திருப்பித் தராதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011): 16 வயதில் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்க அதிலேயே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து ஃபர்ஸ்ட் குரூப்பா காமர்ஸா என்று வீட்டில் அடிதடி நடக்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் பாகம் வந்தபோது ராத்துக்கு வயது 22. மூன்றாம் பாகம் எனக்கு ஏமாற்றம், அதைப் பிள்ளைகளிடமும் மறைப்பதில்லை. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' (2005): அந்த 16 வயது அழகுச் சிகிச்சை ஊர் இதுதான். செல்ஃபியில் ஃபில்டர் போடாமல் ஒரு படம் எடுக்கத் தயங்கும் வயதுக்குச் சரியான புத்தகம். ஜேம்ஸ் டாஷ்னரின் 'த மேஸ் ரன்னர்' (2009) பறக்கும். ஓட்டமும் திகிலும்தான் அதிகம், சட்டம் குறைவு. வாசிக்கவே மாட்டேன் என்கிற பையனை உட்கார வைக்க நல்லது, அதற்கு மேல் அதில் நான் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. பதினோராம் வகுப்புக்குக் கோரி டாக்டரோவின் 'லிட்டில் பிரதர்' (2008). சான் ஃபிரான்சிஸ்கோவில் குண்டு வெடித்தபின் பாதுகாப்பு என்ற பெயரில் ஊரையே கண்காணிக்கும் அரசு, கம்ப்யூட்டர் தெரிந்த 17 வயதுப் பையன். புத்தகம் கடைக்கு வந்தபோதே இணையத்திலும் இலவசமாக விட்டார் டாக்டரோ. வாங்கப் பணமில்லாத நூலகங்களுக்கு இது பெரிய உதவி.

ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு என்ன வழி? எங்களுடையது ஆங்கில வழிப் பள்ளிதான், ஆனாலும் முந்நூறு பக்க ஆங்கில நாவலைப் பார்த்ததும் பின்வாங்குகிறவர்கள் பாதிக்கு மேல். அவர்களுக்கு சுஜாதா இருக்கிறார். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் இந்தியா. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசின் அனுமதி. பிரவுன் ஷீட்டில் நான் எழுதிய சட்டம் இந்தப் புத்தகத்துடையதுதான். நாயகி நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்து சேர்கிற ரவியும் அவனுடைய ரோபோ நாய் ஜீனோவும் மீதிக் கதையை இழுத்துப் போகிறார்கள். கதை நடக்கும் வருடம் 2021. என் ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் அந்த வருடம் வீட்டில் அடைந்து ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். சுஜாதா சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இரண்டு பத்தி போட்டு அவர்கள் எழுதிய பட்டியல் இன்னும் நூலகச் சுவரில் இருக்கிறது. ஜீனோ போலப் பேசி அறுக்கிற இயந்திரம் செல்பேசிக்குள் வந்துவிட்டது, ஆனால் அதற்கு வால் இல்லை என்று ஒருவன் குறை எழுதியிருந்தான்.

ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் க.நா.சு. தமிழில் தந்திருக்கிறார். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக வந்தது. பிராட்பரியை எந்த நூலகராலும் விட்டுவிட முடியாது. 1953இல் வந்த நாவல். புத்தகம் வைத்திருந்தால் குற்றம். தீயணைப்புத் துறை வந்து கொளுத்தும். இதை அவர் எழுதியதே ஒரு நூலகத்தில்தான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வாடகைத் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன, அரை மணி நேரத்துக்கு 10 சென்ட். முதல் வரைவு முடிய ஏறக்குறைய 10 டாலர் ஆனது. காசு தீர்வதற்குள் தட்ட வேண்டுமே என்ற அவசரம் அந்த நடையில் தெரிகிறது என்பது என் எண்ணம். இந்தப் புத்தகத்துக்கு நேர்ந்ததும் கதைதான். 1967இல் பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்புப் போட்ட பதிப்பகம், கெட்ட வார்த்தைகளையும் சில வரிகளையும் பிராட்பரிக்குச் சொல்லாமலே வெட்டிவிட்டது. தணிக்கையைப் பற்றிய நாவலுக்கே தணிக்கை. அவருக்கு விஷயம் தெரிய வந்தது பல வருடம் கழித்துத்தான். பிறகு முழு வடிவம் திரும்பி வந்தது.

நாவலின் முடிவில் ஊருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இதை ஒட்டி நாங்கள் செய்யும் விளையாட்டு: ஆளுக்கொரு புத்தகமாக மாறுவது. பிடித்த புத்தகத்தைப் படித்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். போன முறை ஐந்து பெண்கள் சேர்ந்து வந்து 'பொன்னியின் செல்வன்' நாங்கள்தான் என்றார்கள். ஐந்து பாகம், ஐந்து பேர். சொல்ல வேண்டிய நாளில் மூன்றாம் பாகமான 'கொலை வாள்' காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டது. மற்ற நால்வரும் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். மூன்றாவது பெண் சொன்னது மணிரத்னம் படத்தில் வருவது, கல்கியில் வருவதில்லை. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு ஆள் படுத்துவிட்டால் ஒரு புத்தகம் எப்படி மாறிப்போகும் என்று பிராட்பரி காட்டாத இடத்தை அந்தப் பெண்கள் காட்டினார்கள். அடுத்த வாரம் 'கொலை வாள்' வந்து எல்லோரையும் திருத்தியது. அப்போதும் சினிமாக் கட்சி முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

கெட்ட ஊர்களையே படித்துச் சலித்த வகுப்புக்கு நல்ல ஊர் ஒன்றையும் காட்ட வேண்டும். அதற்கு ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளிவந்த ஆங்கிலச் சிறுகதை. ஒரே பாடவேளையில் வாய்விட்டு வாசித்து முடிக்கலாம். அந்த நாட்டில் பெண்கள் வெளியே, ஆண்கள் வீட்டுக்குள் திரைக்குப் பின்னால். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், வானத்தில் வண்டி ஓட்டுகிறார்கள், குற்றமே கிடையாது. வாசித்து முடிப்பதற்குள் பையன்கள் பக்கம் கொதித்துவிட்டது. "அநியாயம் மிஸ், ஒரு தப்பும் செய்யாதவனையும் பூட்டி வைக்கறாங்க." பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்: "எங்க அக்கா காலேஜ்ல லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுவாங்க. பாய்ஸ் ஹாஸ்டல் எட்டரை." இது நல்ல ஊரா கெட்ட ஊரா என்று கையுயர்த்தச் சொன்னேன். பையன்களிலும் சிலர் நல்ல ஊர் என்றார்கள், வீட்டுக்குள்ளேயே இருக்கலாமே என்று.

பிள்ளைகளே சட்டம் போடும் பாடவேளைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல எண்ணத்தோடு ஒரு சட்டம் எழுத வேண்டும். யாரையும் கெடுப்பதற்காக எழுதக் கூடாது. எழுதியதை அடுத்த குழுவிடம் கொடுத்தால், அதனால் அடிபடுகிற ஒரு ஆளை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 'பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் சிறை' என்றது ஒரு குழு. சத்திரம் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தியது அடுத்த குழு. 'இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் வைஃபை நிற்கும்' என்றதற்கு, துபாயிலிருந்து அந்த நேரத்தில் மட்டும் பேச முடிகிற அப்பா வந்தார். '90 மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு விளையாட்டுப் பாடவேளை கிடையாது' என்று ஒரு குழு எழுதியபோது யாரும் எதிர் ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் முக்கால்வாசி எழுந்து நின்றது. கடைசியாக, அந்த அடிபடுகிற ஆளைச் சொல்லிக் கதை எழுதச் சொல்வேன். வைஃபை அப்பாவைப் பற்றி வந்த கதை எங்கள் ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. 'ஹங்கர் கேம்ஸ்' என்ற பெயரில் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து மோதவிடும் போட்டிகளைச் சிலர் நடத்துகிறார்கள். நான் நடத்த மாட்டேன். எந்தச் சூதைப் பார்த்துப் பதற வேண்டுமோ அதையே கைதட்டி ரசிக்கும் தலைநகரத்து ஆட்களாக அவர்களை மாற்றிவிடும் அது. 1967இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், நாஜி ஜெர்மனியில் மக்கள் எப்படிப் பணிந்தார்கள் என்று காட்டுவதற்காக வகுப்பிலேயே ஓர் இயக்கம் தொடங்கினார். ஒழுக்கம், தனி வணக்கம், உறுப்பினர் அட்டை. சில நாளிலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. டாட் ஸ்ட்ராசர் அதை 1981இல் 'த வேவ்' என்று நாவலாக்கினார். அந்த நாவலைப் படிக்கக் கொடுக்கிறேன், அந்தச் சோதனையைச் செய்வதில்லை.

இப்படிச் சட்டம் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக் கூட்டம் நூலகத்தின் வாசல் பலகைக்கு முன்னால் நின்று அதைப் படித்தது. 'ஒருவருக்கு ஒரு புத்தகம். ஏழு நாள். அமைதி காக்கவும்.' யார் போட்ட சட்டம் மிஸ்? பலகை எனக்கு முன்பிருந்தே இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. புத்தகம் குறைவாக இருந்த காலத்தில் போட்டிருப்பார்கள் என்று அவர்களே ஊகித்தார்கள். அடுத்த கேள்வி கொஞ்சம் விவகாரமானது. தேர்வு நெருங்கினால் லைப்ரரி பீரியட் கணக்குக்கும் இயற்பியலுக்கும் போய்விடுகிறதே, அது எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? எந்தப் பலகையிலும் இல்லை. பள்ளி நூலகர்கள் கூடினால் முதலில் பேசுவது இந்த மனக்குறையைத்தான்; பிள்ளைகள் பேசி அன்றுதான் கேட்டேன்.

தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதினார்கள். இரண்டு பக்கம், அடியில் வகுப்பு முழுக்கக் கையெழுத்து. யாருக்கு லாபம், யாருக்குச் சேதம் என்று பத்தி பிரித்து எழுதியிருந்தார்கள். கணக்கு மிஸ்ஸுக்குப் பாடம் முடிக்க நேரம் போதவில்லை என்பதும் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கணக்கு மிஸ்ஸுக்குக் கோபம் தணிந்தது. பதில் எழுத்திலேயே வந்தது. ஆளுக்கு இரண்டு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நூலகப் பாடவேளையில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. பொதுத்தேர்வு எழுதுகிற பத்துக்கும் பன்னிரண்டுக்கும் டிசம்பருக்குப் பிறகு கிடையாது. மதிய இடைவேளையில் 12:40 முதல் 1:10 வரை கவுண்டரைத் திறந்து வைக்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன். என் சாப்பாடு இப்போது பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. டிசம்பர் என்பதை ஜனவரி ஆக்கச் சொல்லிப் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெண்கள் இரண்டாவது மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் மட்டும் நூலகச் செலவில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள்.